மலை வீட்டில் எச்டி டிவி: படமும் சத்தமும் நன்றாக வர அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் டிவி வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கொடைக்கானல்காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். அங்கேயும் இதே குளிர், இதே ஈரம், இதே தகரக் கூரை. படம் சரியில்லை என்று புது டிவி வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பலாம். பெரும்பாலும் கோளாறு டிவியில் இருப்பதில்லை. பின்னால் செருகியிருக்கும் வயரிலோ, வாங்கிய நாளிலிருந்து தொடாத செட்டிங்கிலோ, டிவியை மாட்டிய சுவரிலோதான் இருக்கும்.

கடையில் அவ்வளவு பளிச்சென்று தெரிந்த படம் வீட்டில் ஏன் மங்கலாக இருக்கிறது?

கடையில் ஓடுவது சேனல் இல்லை. டிவி கம்பெனியே தயார் செய்து கொடுத்த 4கே காட்சி: பூ, பறவை, கடலுக்கடியில் மீன். அதைப் போட்டால் எந்த டிவியும் அழகாகத்தான் தெரியும். வீட்டில் நீங்கள் பார்ப்பது செட்டாப் பாக்ஸ் வழியாக வரும் சேனல். அங்கேதான் சிக்கல்.

பாக்ஸின் பின்பக்கம் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள வயர் டிவிக்குப் போகிறதா? அப்படியானால் டிவி என்ன விலையானாலும் அதற்குப் போய்ச் சேருவது பழைய எஸ்டி படம்தான். அந்த மஞ்சள் முனை வழியாக எச்டி வராது. எஸ்டி படத்தில் 720-க்கு 576 என்று சுமார் நான்கு லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டியில் 1920-க்கு 1080, இருபது லட்சத்துக்கு மேல். நான்கு லட்சத்தை இழுத்து இருபது லட்சத்தில் பரப்பினால் முகமெல்லாம் மெழுகு பூசியது போல வருவதில் ஆச்சரியமில்லை.

பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள் மாட்டுங்கள். ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி, மாட்டிய எச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அந்த மூன்று முனை வயரைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். விட்டு வைத்தால் வீட்டில் யாராவது மறுபடியும் ஏவி-க்கு மாற்றிவிட்டு, 'டிவி பழையபடி ஆயிடுச்சு' என்பார்கள்.

பாக்ஸே எஸ்டி பாக்ஸாக இருந்தால்? கேபிளோ டிடிஎச்சோ, எச்டி பாக்ஸ் கேட்டு மாற்ற வேண்டியதுதான். வேறு வழி இல்லை.

எச்டிஎம்ஐ மாட்டிவிட்டோம், எச்டி பேக்குக்கும் பணம் கட்டுகிறோம். வித்தியாசமே தெரியலையே?

எந்த நம்பரில் பார்க்கிறீர்கள்? ஒரே சேனலுக்கு எஸ்டி ஒரு நம்பரிலும் எச்டி வேறு நம்பரிலும் வரும். பேக் போட்ட பிறகும் கை பழக்கத்தில் பழைய நம்பரையே அழுத்திக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். பெயரின் கடைசியில் எச்டி என்று இருக்கும் நம்பரைத் தேடிப் பிடித்து, ஃபேவரிட் பட்டியலில் போட்டு, பெரியவர்களிடமும் காட்டிக்கொடுங்கள்.

சன் டிவி எச்டி 2011 இறுதியில் வந்தது. அதற்கு முன் எடுத்த சீரியலும் நிகழ்ச்சியும் எச்டி சேனலில் ஓடினாலும் எஸ்டியாகத்தான் தெரியும். பழைய படம் என்றால் நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்தார்களா, பழைய டேப்பிலிருந்து எடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. அதற்கு டிவியைத் திட்டிப் பயனில்லை.

பாக்ஸில் ஏதாவது செட்டிங் மாற்ற வேண்டுமா?

இரண்டு. ஒன்று, வீடியோ அவுட்புட். நம் நாட்டு எச்டி சேனல்கள் பெரும்பாலும் '1080 ஐ' முறையில் வருகின்றன. பாக்ஸையும் அதிலேயே விடுங்கள், மற்றதை டிவி பார்த்துக்கொள்ளும். சில பாக்ஸ்கள் கடையிலிருந்து வரும்போது 576-இல் இருக்கும். எச்டிஎம்ஐ மாட்டியும் படம் தெளியாததற்கு அது ஒரு காரணம்.

இரண்டு, திரை விகிதம். 16-க்கு 9 என்று வையுங்கள். பழைய 4-க்கு 3 நிகழ்ச்சி வரும்போது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். பட்டை பிடிக்கவில்லை என்று இழுத்து நிரப்பினால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள்.

டிவியிலும் ஒன்று உண்டு. பல டிவிகள் படத்தின் ஓரத்தைச் சிறிது வெட்டிவிட்டு மீதியைப் பெரிதாக்கிக் காட்டும். செய்தி சேனலில் கீழே ஓடும் எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறதென்றால் அதுதான் காரணம். படத்தின் அளவு என்ற இடத்தில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், ஃபுல் பிக்சல் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். அதைப் போட்டால் வெட்டும் நிற்கும், படமும் ஒரு படி கூர்மையாகும்.

பிக்சர் மோடு எதில் வைப்பது? பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் எவ்வளவு?

எண் கேட்டால் சொல்ல மாட்டேன். ஒருவர் டிவியின் எண் இன்னொருவருக்கு உதவாது, அதே மாடலாக இருந்தாலும். எப்படிப் பார்த்து வைப்பது என்று சொல்கிறேன்.

முதலில் விவிட், டைனமிக் என்ற மோடிலிருந்து வெளியே வாருங்கள். அது கடையின் பளீர் வெளிச்சத்தில் பக்கத்து டிவியைத் தோற்கடிக்க வைத்த மோடு. வெளியே தேயிலைச் சரிவு எந்தப் பச்சையில் இருக்கிறது என்று தினமும் பார்ப்பவருக்கு, டிவியில் புல்வெளி அடிக்கும் கிளிப்பச்சை எப்படிப் பொறுக்கிறது என்று எனக்குப் புரிந்ததில்லை. சினிமா, மூவி, ஃபிலிம்மேக்கர் என்று இருப்பதில் ஒன்றைப் போடுங்கள். முதல் நாள் படம் மஞ்சளடித்தது போலவும் மங்கலாகவும் தோன்றும். நீலம் தூக்கலான படத்துக்குப் பழகிய கண் அப்படித்தான் சொல்லும். இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். பிறகு பழைய மோடுக்குப் போனால் எல்லார் முகத்திலும் டியூப்லைட் அடிப்பது தெரியும். நிற வெப்பம் என்ற இடத்தில் வார்ம் என்று வைப்பதும் இதற்காகத்தான். படம் எடுப்பவர்கள் வெள்ளை நிறத்தைச் சரிபார்க்க வைத்திருக்கும் அளவு 6500 கெல்வின். வார்ம்தான் அதற்குப் பக்கத்தில் வரும்.

அடுத்து பேக்லைட். திரைக்குப் பின்னால் எரியும் விளக்கின் அளவு இது. பகலில் கூட்டலாம், இரவில் குறைக்கலாம், படம் கெடாது. பிரைட்னஸ் என்ற பெயரைப் பார்த்து அதைக் கூட்டினால் கறுப்பு சாம்பலாகிவிடும். பெரும்பாலான டிவிகளில் அது கறுப்பின் அளவைத்தான் மாற்றுகிறது. இரவுக் காட்சி ஒன்றைப் போட்டு, கறுப்புச் சட்டையின் மடிப்பு லேசாகத் தெரியும்வரை வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கான்ட்ராஸ்டுக்கு வெள்ளை வேட்டி. வெயிலில் நிற்கிறவரின் வேட்டி மடிப்புகள் கரைந்து ஒரே வெள்ளையாகத் தெரிந்தால் கான்ட்ராஸ்ட் அதிகம். கலருக்கு முகம்: தோலின் நிறம் இயல்பாகத் தெரியும்வரை வையுங்கள். (சில புது மாடல்களில் பேக்லைட்டுக்கே பிரைட்னஸ் என்று பெயர் வைத்து, கறுப்புக்கு பிளாக் லெவல் என்று தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். மெனுவில் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஷார்ப்னஸைக் கூட்டினால் படம் தெளியும் என்பது ஒரு மயக்கம். இல்லாத ஓரத்தை அது வரைந்து காட்டுகிறது. திரையில் எழுத்து வரும்போது எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறதா? அது மறையும்வரை குறையுங்கள். சில கம்பெனி டிவியில் பூஜ்யத்தில்தான் மறையும், சிலவற்றில் நடு எண்ணே போதும். டைனமிக் கான்ட்ராஸ்டை அணைத்துவிடுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷனை எச்டி சேனலுக்கு அணைக்கலாம், எஸ்டிக்கு லேசாக இருக்கலாம்.

இன்னொன்று, மின்சிக்கன மோடு. ஈகோ என்று இருக்கும். அறை வெளிச்சத்தைப் பார்த்து அதுவே திரையை மங்கலாக்கும். மேகம் இறங்கி ஏறி விளையாடும் நாளில் படமும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். அணைத்துவிட்டு பேக்லைட்டை நீங்களே வையுங்கள்.

புது டிவியில் சினிமா போட்டால் சீரியல் மாதிரி இருக்கிறது. ஏன்?

சினிமா நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்). டிவி நடுநடுவே தானாகப் புதுச் சட்டங்களைக் கற்பனை செய்து சொருகுகிறது. ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ, ஆட்டோ மோஷன் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். சினிமாவுக்கு அணையுங்கள். கிரிக்கெட், கால்பந்துக்கு லேசாக வைத்துக்கொள்ளலாம், பந்து இழுபடாமல் தெரியும்.

எச்டி ரெடி, ஃபுல் எச்டி, 4கே: எங்கள் வீட்டுக்கு எது?

உட்காரும் தூரம்தான் தீர்மானிக்கும். 32 அங்குல எச்டி ரெடி டிவியில் 1366-க்கு 768 புள்ளி. ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்தால் அதற்கும் ஃபுல் எச்டிக்கும் வித்தியாசத்தைச் சாதாரணக் கண் பிரித்துப் பார்க்காது. எஸ்டேட் லைன் வீட்டில் சுவரோடு டிவியும் எதிர்ச் சுவரோடு கட்டிலும் இருக்கும். அங்கே 32 அல்லது 43 தாராளம். எச்டி படத்தை நன்றாக அனுபவிக்க, திரையின் மூலைவிட்ட அளவைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலான தூரம் நல்லது. 43 அங்குலத்துக்கு ஐந்தரை ஆறடி, 55-க்கு ஏழடிக்குக் கொஞ்சம் மேல்.

பெரும்பாலும் கேபிள் எஸ்டி சேனல்தான் பார்ப்போம் என்றால் பெரிய டிவி வாங்காதீர்கள். திரை பெரிதாகப் பெரிதாக எஸ்டியின் குறையும் பெரிதாகும். அந்தப் பணத்தில் எச்டி பாக்ஸும், டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் ஒன்றும் வாங்கலாம்.

டிவியை எங்கே வைப்பது? ஃபயர்பிளேஸ் மேலே மாட்டலாமா?

வேண்டாம். பழைய பங்களா வைத்திருப்பவர்களும் காட்டேஜ் கட்டுபவர்களும் ஆசைப்படும் இடம் அது. போட்டோவில் அழகாக இருக்கும். ஆனால் கீழே விறகு எரியும்போது சூடும் கரியும் நேராக டிவிக்குப் போகும். கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். சாதாரண எல்இடி பேனலைக் கீழிருந்து பார்த்தால் நிறமும் மாறும். உட்கார்ந்த நிலையில் கண் மட்டம் திரையின் நடுப்பகுதிக்கு வரவேண்டும்.

ஜன்னலுக்கு நேர் எதிரிலும் வேண்டாம். மலை வீடுகளில் காட்சிக்காகப் பெரிய கண்ணாடி வைத்திருப்போம். மிஸ்ட் மூடிய நாளில் வெளியே முழுக்க ஒரே வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளை முழுவதும் திரையில் படிந்துவிடும். வெயிலை விட இது மோசம், ஏனென்றால் எந்தக் கோணத்தில் நகர்ந்தாலும் தப்பிக்க முடியாது. ஜன்னல் டிவிக்குப் பக்கவாட்டில் வருவது போல வையுங்கள்.

மேகம் இறங்கினால் சிக்னல் போகிறதா?

மேகத்தைக் குறை சொல்லாதீர்கள். டிடிஎச் வரும் அலைவரிசையில் மிஸ்ட் தடுக்கும் அளவு மிகச் சொற்பம். கனமழைதான் தடுக்கும். பெரிய துளிகள் அந்த அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்யும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் எந்த டிஷ்ஷும் தாக்குப் பிடிக்காது. அது போன்ற நேரத்தில் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் மழை விட்ட பிறகும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்றால் வேறு இடத்தில் பாருங்கள். டிஷ் கையின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலைப் பிடிக்கும் எல்என்பியின் மூடி வெடித்து உள்ளே ஈரம் போயிருக்கலாம். கேபிள் முனையில் தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சை பூத்திருக்கலாம். ஜாயின்ட் போட்ட இடத்தில் வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் நம் ஊர் மழைக்கு அது ஒரு வருஷம்கூடத் தாங்காது. ஜாயின்ட் இல்லாமல் ஒரே நீளமாக ஆர்ஜி 6 கேபிள் இழுப்பதே நல்லது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கவிடுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். குன்னூர் பக்கம் குரங்குகள் கேபிளைப் பிடித்து ஊஞ்சலாடுவதற்கு மட்டும் எனக்கு மருந்து தெரியாது. குழாய்க்குள் விட்டு இழுத்தால் கொஞ்சம் குறையும்.

கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் மாதக்கணக்கில் ஊற்றும். அங்கே வழக்கமான 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதில் 90 போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் சிக்னல் சேரும், சாதாரண மழையில் படம் நிற்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் டிஷ்ஷின் போல்ட்களை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். தகரக் கூரையில் நட்ட டிஷ் காற்றில் ஆடும். ஒன்றிரண்டு டிகிரி திரும்பினாலே மழையைத் தாங்குவதற்கு மிச்சமிருக்கும் சிக்னல் போய்விடும். சுவரில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். சரிபார்க்கும்போது மெனுவில் சிக்னல் ஸ்ட்ரென்த்தை விட சிக்னல் குவாலிட்டி என்ற அளவைத்தான் கவனிக்க வேண்டும்.

எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. மலை மறைக்காதா?

அநேகமாக மறைக்காது. நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் செயற்கைக்கோள்கள் நமக்குத் தலைக்கு மேல் உயரத்தில் நிற்கின்றன. ஊட்டியிலிருந்து பார்த்தால் டாடா ப்ளேயின் 83 டிகிரி கிழக்கு செயற்கைக்கோள் தெற்கு-தென்கிழக்கில் சுமார் 75 டிகிரி உயரத்தில் இருக்கிறது. சன் டைரக்ட், டிடி ஃப்ரீ டிஷ் இரண்டுக்கும் 93.5 டிகிரி, உயரம் 66 போல. ஏர்டெல்லின் 108.2 டிகிரி கிழக்கு மட்டும் கொஞ்சம் தாழ்ந்து, கிழக்கே 51 டிகிரியில். கொடைக்கானலில் இந்தக் கணக்கு ஓரிரண்டு டிகிரி மாறும், அவ்வளவுதான். டிஷ் தட்டைப் பார்த்தால் அவ்வளவு அண்ணாந்து தெரியாது; அந்தத் தட்டின் வடிவம் அப்படி. அது பார்ப்பதாகத் தோன்றும் திசைக்கும் இருபது, இருபத்தைந்து டிகிரி மேலேயிருந்துதான் அலை வருகிறது.

மலையை விட மரம்தான் எதிரி. சில்வர் ஓக்கும் கற்பூர மரமும் வேகமாக வளரும். டிஷ் வைத்த வருஷம் திறந்திருந்த வானம் இப்போது கிளையால் மூடியிருக்கும்; ஈர இலை இன்னும் அதிகமாகத் தடுக்கும். டிஷ்ஷை விட முப்பதடி உயர்ந்த மரம், சன் டைரக்ட், ஃப்ரீ டிஷ்ஷுக்கு என்றால் பதினாலடி தள்ளியிருந்தால் போதும்; ஏர்டெல்லுக்கு இருபத்தைந்தடி வேண்டும். மரத்தை வெட்டுவதற்கு முன் டிஷ்ஷை நகர்த்திப் பாருங்கள். இங்கே மரம் வெட்ட அனுமதி வாங்குவதை விட அது சுலபம்.

இடி மின்னலில் ஸ்விட்சை அணைத்தால் போதுமா? ஸ்டெபிலைசர் வேண்டுமா?

போதாது. மின்னல் பாதிப்பு கரண்ட் வழியாக வருவதைப் போலவே டிஷ் கேபிள் வழியாகவும் வரும். பாக்ஸுக்குள் நுழைந்து, எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவியின் போர்டுக்குப் போகும். 'டிவி ஓடுது, ஆனா எச்டிஎம்ஐ மட்டும் எடுக்கலை' என்று வரும் டிவிகளில் பல இப்படி அடிபட்டவை. சித்திரை, வைகாசி மழைக்கும் ஐப்பசி மழைக்கும் இடி சத்தம் தூரத்தில் கேட்கத் தொடங்கியதுமே பிளக்கையும் டிஷ் கேபிளையும் இரண்டையும் கழற்றுங்கள். தலைக்கு மேல் இடிக்கும்போது கேபிளைத் தொடப் போகாதீர்கள். டிஷ் கம்பத்துக்கு எர்த் போடுங்கள்.

ஸ்டெபிலைசர் பற்றி: இப்போதைய டிவிகள் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். லோ வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் அவ்வளவு அவசியமில்லை. 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மலைதான் நம்முடையது. ஆனால் காற்றடித்தால் மரம் கம்பியில் விழுந்து கரண்ட் போய்விடும். ஆபத்து கரண்ட் போவதில் இல்லை, அது திரும்ப வரும் நொடியில் இருக்கிறது. போனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வந்து ஐந்து நிமிஷம் நிலைத்த பிறகு போடுங்கள். ஹை வோல்டேஜில் தானாகத் துண்டிக்கும் வசதியுள்ள ஒன்று இருந்தால் நல்லது.

ஈரத்தில் டிவி கெடாதா? திரைக்குள் புள்ளி மாதிரி வருகிறது.

கெடும். சில கம்பெனிக் கையேடுகளில் வெப்பநிலை 10 முதல் 40 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதத்துக்குள் என்று போட்டிருப்பார்கள். ஆடி மாதத்தில் நம் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், அந்த 80 எங்கே இருக்கிறது என்று தெரியும். திரையின் அடுக்குகளுக்குள் பூஞ்சை பிடித்தால் துடைத்து எடுக்க முடியாது. வெளிச்சுவரில் ஒட்டி மாட்டாதீர்கள். உள்சுவரில், காற்றுப் போக இரண்டு மூன்று அங்குல இடைவெளி விட்டு மாட்டுங்கள். தினமும் கொஞ்ச நேரமாவது ஓடட்டும். அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். ஓடும்போது துணி உறை மேலே இருக்கக் கூடாது.

பூட்டிய காட்டேஜ்தான் பெரிய தலைவலி. விருந்தினர் வராத மாதங்களில் டிவி ஜில்லென்று கிடக்கும். ஆள் வந்ததும் ஹீட்டர் போட்டு, வெந்நீர் வைத்து, அறையைச் சூடாக்குவார்கள். அந்தச் சூடான ஈரக் காற்று குளிர்ந்த டிவியின் மேலும் உள்ளேயும் நீராகப் படியும். அந்த நேரத்தில் ஆன் செய்தால் ஷார்ட் ஆகலாம். அறை சூடாகி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ஆன் செய்யச் சொல்லி ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். ஆள் இல்லாத மாதங்களில் வாரம் ஒருமுறை யாராவது போய் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றிவிட்டு வருவது நல்லது. ஸ்டாண்ட்பையில் விட்டால் கொஞ்சம் வெதுவெதுப்பு இருக்கும்தான், ஆனால் இடிக்கு யார் பதில் சொல்வது?

மார்கழிக் காலையில் படம் இழுபடுகிறது. டிவி போய்விட்டதா?

இல்லை. எல்சிடி, எல்இடி திரையில் இருப்பது திரவப் படிகம். குளிரில் அது கெட்டியாகி மெதுவாகத் திரும்பும். வெளியே உறைபனி விழுந்த காலையில் ஓடுகிற உருவத்துக்குப் பின்னால் நிழல் தெரியலாம். கால் மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும்.

2000 மீட்டருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று அடாப்டரில் போட்டிருக்கிறதே?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 போல. இரண்டும் அந்தக் கோட்டுக்கு மேல். குன்னூரும் கோத்தகிரியும் கீழே. காற்று மெலிதாக இருப்பதால் சூடு வெளியேறுவதும், மின் பாகங்களுக்கு நடுவே காற்று தரும் காப்பும் கொஞ்சம் குறையும், அதனால் அந்தக் குறிப்பு. இத்தனை வருஷமாக இங்கே எல்லா டிவியும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அடாப்டரை மெத்தைக்கு அடியிலும் அலமாரி மூலையிலும் திணிக்காமல் இருந்தால் போதும். பழைய பிளாஸ்மா டிவி வைத்திருந்தால் மட்டும் உயரத்தில் 'ஙொய்' என்று ஒரு ரீங்காரம் கேட்கும். உள்ளே அடைத்த வாயுவுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். அதற்கு மருந்தில்லை.

மாமியாருக்கு வசனமே புரியலை என்கிறார். சத்தம் கூட்டினால் பாட்டு காதைப் பிளக்கிறது.

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன், ஏனென்றால் படத்துக்குச் செலவு செய்பவர்கள் சத்தத்தை மறந்துவிடுகிறார்கள். டிவி மெலியும்போது ஸ்பீக்கரும் சுருங்கிவிட்டது. அதுவும் கீழே பார்த்து அல்லது பின்னால் பார்த்துப் பேசுகிறது.

காசில்லாமல் செய்யக்கூடியவை முதலில். சவுண்ட் மோடை ஸ்டாண்டர்டிலிருந்து கிளியர் வாய்ஸ், ஸ்பீச், நியூஸ் என்று ஏதாவது ஒன்றுக்கு மாற்றுங்கள். சரவுண்ட் என்று இருப்பதை அணையுங்கள்; இரண்டு சின்ன ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு அது செய்யும் வித்தையில் முதலில் கரைவது வசனம்தான். ஈக்வலைசர் இருந்தால் பேஸைக் குறைத்து நடுப்பகுதியைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஆட்டோ வால்யூம், நைட் மோடு என்று இருப்பதைப் போட்டால் பாட்டுக்கும் பேச்சுக்கும், விளம்பரத்துக்கும் சீரியலுக்கும் உள்ள ஏற்ற இறக்கம் குறையும். டிவி மேஜை மேல் இருந்தால் மேஜை விளிம்புக்கு இழுத்து வையுங்கள். கீழே லேஸ் துணி விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள். கீழே பார்த்த ஸ்பீக்கரின் சத்தம் துணியில் அமுங்காமல் பலகையில் பட்டு முன்னால் வரும். மாமி உட்காரும் இடத்தை டிவிக்குக் கிட்டே கொண்டுவருவதும் ஒரு வழி, அவர் ஒப்புக்கொண்டால்.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது என்ன செய்வது என்றால், சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பலனில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் டிவி ஸ்பீக்கர் கரகரக்கும், மழையோ குறையாது. ஹெட்ஃபோன் நல்ல வழி. அல்லது பேச்சுக்கென நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார். கூரைக்கு அடியில் சீலிங் அடித்தால் குளிருக்கும் நல்லது, காதுக்கும் நல்லது, செலவுதான்.

சவுண்ட்பாரை எப்படி மாட்டுவது? ப்ளூடூத் போதாதா?

ப்ளூடூத்தில் உதடு அசைந்த பிறகுதான் சத்தம் வரும். டிவியில் ஏஆர்சி என்று எழுதிய, டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ துளை ஒன்று மட்டும்தான் இருக்கும். சவுண்ட்பாரின் ஏஆர்சி துளையிலிருந்து அதற்குக் கேபிள் போடுங்கள், பிறகு டிவி ரிமோட்டே சத்தத்தையும் ஆளும். டிவி மெனுவில் சிஇசி என்ற, ஒரே ரிமோட்டில் இரண்டையும் இயக்கும் வசதியை ஆன் செய்ய மறக்காதீர்கள், பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஏஆர்சி இல்லாத டிவியானால் ஆப்டிகல் கேபிள்.

சப்வூஃபரைப் பலகைத் தரையில் வைத்தால் வீடே கும்மென்று அதிரும். பழைய பங்களாக்களில் தரைக்கு அடியில் வெற்றிடம் இருக்கும், அதுவே ஒரு பறையாகிவிடும். அடியில் ஒரு கடப்பைக்கல் துண்டும் அதன் மேல் தடித்த ரப்பரும் வைத்து, சுவர் மூலையிலிருந்து வெளியே நகர்த்துங்கள். பலகைத் தடுப்பில் டிவி மாட்டியிருந்தாலும் இதே அதிர்வு வரும்.

சில எச்டி சேனலில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை.

பாக்ஸின் ஆடியோ அவுட்புட்டை டால்பியிலிருந்து பிசிஎம் அல்லது ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். வந்துவிடும்.

ஓடிடி படம் தெளிவாக இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஃபுல் எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே-க்கு 15 வேண்டும் என்று நெட்ஃப்ளிக்ஸ் சொல்கிறது. உங்கள் பிளான் அதற்கு மேல்தான் இருக்கும். ஆனால் கருங்கல் சுவரைத் தாண்டி வைஃபை டிவிக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சுகிறது? ரவுட்டர் அதே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். சுவர் நடுவில் இருந்தால் 2.4 தான் தாண்டும். எதற்கு வம்பு, ரவுட்டரிலிருந்து டிவிக்கு லேன் வயர் இழுத்துவிடுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவர்கள் மே மாத சீசனில் மாலை நேரம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஊருக்கு வந்த அத்தனை பேரும் அதே டவரில்தான் இருப்பார்கள். பகலிலேயே டவுன்லோடு செய்து வைப்பது புத்திசாலித்தனம்.

ப்ளானும் பாருங்கள். சில ஓடிடிகளின் மலிவான சந்தாவில் மொபைலுக்கு மட்டும் என்றோ எஸ்டி மட்டும் என்றோ இருக்கும்.

விலை அதிகமான எச்டிஎம்ஐ கேபிள் படத்தைக் கூட்டுமா?

கூட்டாது. இரண்டு மீட்டருக்குள் சாதாரண ஹை ஸ்பீட் கேபிள் போதும். ஒன்று படம் முழுசாக வரும், அல்லது மினுக்கி விட்டுவிட்டு வரும். நடுவில் ஒன்றும் இல்லை.

பழைய ஆன்டெனா கூரையில் இருக்கிறது. எச்டி வருமா?

வராது. அதில் வந்தது, மதுரைக்காரர்கள் ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்த காலத்துத் தூர்தர்ஷன் அனலாக் ஒளிபரப்பு. அந்த நிலையங்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டார்கள். ஆன்டெனாவை இறக்கிவிடலாம். காற்றில் ஆடி டிஷ் மேல் விழாமலாவது இருக்கும்.

திரையை எதைக் கொண்டு துடைப்பது?

மைக்ரோஃபைபர் துணி, உலர்வாக. கறை இருந்தால் துணியில் துளி தண்ணீர். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே வேண்டாம், திரையின் மேல்பூச்சு போய்விடும்.

கோயம்புத்தூரில் வாங்கி மேலே கொண்டுவரலாமா?

தாராளமாக. வாரன்டி வேலைக்கு ஆள் மேலே வருவாரா, எத்தனை நாளில் வருவார் என்று மட்டும் பில் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். டிவி பெட்டியை எப்போதும் நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும். சீட்டில் படுக்கப் போட்டால் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் பேனல் வளைந்து வளைந்து நிமிரும், வீட்டில் ஆன் செய்யும்போது மூலையில் கீறல் தெரியும். நிற்க வைத்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்துக் கட்டுங்கள். மேலே வந்து பெட்டியைப் பிரித்ததும் ஆன் செய்யாமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் விடுங்கள். அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் ஒரு வருஷத்துக்காவது பரண் மேல் வைத்திருங்கள். சர்வீஸுக்குக் கீழே கொண்டுபோக வேண்டி வந்தால் அதே பெட்டி தேவைப்படும்.